ஆணி அடிக்க ஒரு சுவர்

நாசரேத்
16 ஜூன் 2024

ஈவா அப்பாவுக்கு,

நானும் பிள்ளையும் சுகம். பள்ளிக்கூடம் திறந்துவிட்டது, எனக்கு ஏழாம் வகுப்பு கொடுத்திருக்கிறார்கள். இந்தக் காலத்தில் போய்க் கடிதமா என்று சிரிக்க வேண்டாம். உங்களோடு போனில் பேச முடிகிறதா? நேற்று நான் வாயைத் திறந்ததும் யாருக்கோ ரத்தம் வேண்டுமென்று ஒரு அழைப்பு. அது முடிந்ததும் கால்பந்துக் கோப்பைக்குப் பந்தல்காரர். நான் சொல்ல வந்ததைச் சொல்லாமலே போனை வைத்தேன். கடிதத்துக்கு நடுவில் யாரும் கூப்பிட முடியாது.

தூத்துக்குடியில் பாதிப் பேருக்கு வீடு பார்த்துக் கொடுத்த ரியல் எஸ்டேட் ரெக்சனின் பெண்டாட்டி, கல்யாணம் ஆன நாளிலிருந்து வாடகை வீடு மாறிக்கொண்டே இருக்கிறாள். பிரையன்ட் நகரில் நமக்கென்று பேசி முடித்த வீட்டை, மாடி ஏற முடியாதவர் என்று ஒரு பெரியவருக்கு விட்டீர்கள். மூன்று மாசம்தான் என்றீர்கள், இன்னும் அவர்தான் இருக்கிறார். மில்லர்புரத்து வீட்டை, சாதி மாறிக் கட்டிக்கொண்ட பிள்ளைகளுக்கு யாரும் வாடகைக்குத் தரவில்லை என்று அவர்களுக்குக் கொடுத்தீர்கள். இரண்டு தடவையும் பொறுத்துக்கொண்டேன்.

போன மாசம் மாதா படம் மாட்ட நான் அடித்த ஒரே ஒரு ஆணியைப் பார்த்துவிட்டு வீட்டுக்காரம்மா, "ஏளா, இது என்ன ஒங்கப்பன் வீட்டுச் சுவரா?" என்று கேட்டாள். தெருவே வேடிக்கை பார்த்தது. அன்றைக்குத்தான் இந்த ஊர்ப் பள்ளிக்கூட வேலைக்குச் சரி சொன்னேன்.

நமக்கென்று ஒரு வீடு, நான் ஆணி அடிக்க ஒரு சுவர். அது கிடைக்கட்டும், வருகிறேன்.

ஷெர்லின்


பனிமய மாதா துணை
தூத்துக்குடி
21 ஜூன் 2024

பிரிய ஷெர்லின்,

உன் கடிதம் வந்தபோது ஆபீசில் மூன்று பேர் இருந்தார்கள். மூன்று பேரையும் காத்திருக்கச் சொல்லிவிட்டுத்தான் வாசித்தேன். அதையாவது கணக்கில் எடுத்துக்கொள்.

உன் கோபம் நியாயம். ஆனால் என்னை உனக்குத் தெரியும். அப்பா சரக்குத் தோணியில் மாலத்தீவுக்குப் போய்த் திரும்பாத வருஷம், வீட்டுக்காரர் எங்கள் பாத்திரங்களைத் தூக்கித் தெருவில் வைத்தார். மழை பெய்து குடத்தில் தண்ணீர் நிரம்பிக்கொண்டிருந்தது. அம்மா அதைக் கொட்டாமல் பார்த்துக்கொண்டே நின்றாள். நானும் தோணிக்குப் போனேன், கடல் ஒத்துக்கொள்ளவில்லை. துறைமுகத்தில் மூட்டை எண்ணினேன், அதுவும் நிலைக்கவில்லை. பிறகுதான் இந்தத் தொழில். இன்னொருவன் பாத்திரம் தெருவில் கிடந்தால் எனக்குக் கை கால் ஓடாது ஷெர்லின்.

இந்த முறை உறுதி. மாதாவின் பெரிய கோயிலுக்குப் பின்னால் ஒரு சின்ன வீடு விலைக்கு வருகிறது. உரிமையாளர் கொழும்பில் இருக்கிறார். கிணறு உப்புத்தான், ஆனால் கடல் காற்று அள்ளுகிறது.

ரெக்சன்


நாசரேத்
30 ஜூன் 2024

ஈவா அப்பாவுக்கு,

பெண்டாட்டிக்கு எழுத உங்களுக்கு வெள்ளைத்தாளே கிடைக்கவில்லையா? தலையில் 'வீடு, மனை, வாடகை, ஒத்தி' என்று அச்சடித்த ஆபீஸ் தாள். ஓரத்தில் பங்குப் பேரவை உறுப்பினர், இரத்ததானக் குழு ஒருங்கிணைப்பாளர், கால்பந்துக் கழகத் துணைத்தலைவர். இத்தனை பதவி போட்ட நீங்கள், புருஷன் என்பதை மட்டும் விட்டுவிட்டீர்கள். ஈவா வாங்கிப் பார்த்துவிட்டு, "அம்மா, அப்பா நமக்கு வீடு விக்க வாராங்களா?" என்று கேட்கிறாள்.

கடல் காற்று இருக்கட்டும். சுவர் எப்படி? பழைய சுண்ணாம்புச் சுவர் என்றால் ஆணி நிற்காது, உதிர்ந்துவிடும். தட்டிப் பார்த்து எழுதுங்கள்.

ஷெர்லின்


பனிமய மாதா துணை
தூத்துக்குடி
12 ஆகஸ்ட் 2024

பிரிய ஷெர்லின்,

மாதா திருவிழா முடிந்துதான் மூச்சு விட்டேன். வெளியூர் ஜனத்துக்குத் தங்க இடம் பார்த்தே கால் தேய்ந்துவிட்டது.

பத்திரம் முடிந்தது. சாவி என் சட்டைப்பையில் இருக்கிறது. சுவரைத் தட்டிப் பார்த்தேன், சிமெண்டுதான், கல் மாதிரி நிற்கிறது. செப்டம்பர் எட்டு, ஞாயிறு, மாதா பிறந்தநாள் அன்றைக்கே ஃபாதர் வந்து ஜெபித்து வீடு மந்திரிப்பு. முந்தின ஞாயிறு பூசையில் ஃபாதரே அறிவிப்பார். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு சனிக்கிழமையே வந்துவிடு. இந்த முறை வெள்ளைத்தாளில் எழுதியிருக்கிறேன், பார்த்தாயா?

ரெக்சன்


நாசரேத்
18 ஆகஸ்ட் 2024

அன்புள்ள ஈவா அப்பாவுக்கு,

ஈவா வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டாள். நீலத்தில் திரைச்சீலைத் துணி எடுத்திருக்கிறேன். ஆணியும் சுத்தியலும் நானே கொண்டுவருகிறேன், அதைக்கூட உங்களை நம்பி விடமாட்டேன். எனக்கு ரொம்பச் சந்தோஷம். அதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது, அதனால் இத்தோடு நிறுத்துகிறேன்.

உங்கள் ஷெர்லின்


தூத்துக்குடி
2 செப்டம்பர் 2024

பிரிய ஷெர்லின்,

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. வேறு யாராவது சொல்லி உனக்குத் தெரியக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

நேற்றுப் பூசை முடிவில் ஃபாதர் அறிவிப்பு வாசித்தார். கடற்கரையில் வலை பின்னுகிற சிலுவை என்கிறவன் வீட்டில், போன டிசம்பர் வெள்ளத்தில் ஊறின சுவர் இடிந்து விழுந்துவிட்டது. கைக்குழந்தையோடு பந்தலில் இருக்கிறார்கள், யாராவது இடம் கொடுக்க முடியுமா என்று கேட்டார். எனக்கு முன்னால் என் கை எழுந்துவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், நான் யோசிக்கவே இல்லை. ரத்தமோ, நாற்காலியோ, பந்தலோ, எது கேட்டாலும் தூக்கிப் பழகின கை. ஜனம் கைதட்டியது. தட்டின பிறகு எப்படிக் கீழே இறக்குவது?

அடுத்த மூச்சிலேயே ஃபாதர் நம் வீடு மந்திரிப்பையும் வாசித்தார். எட்டாம் தேதி மந்திரிப்பு நடக்கும். குடியேறுவது சிலுவை. "மூணு மாசத்துல சுவர எழுப்பிட்டு ஒங்க வீட்டவிட்டு எந்திச்சிருவோம் அண்ணாச்சி" என்று சொல்லுதான். நீ கொஞ்சம் பொறுத்துக்கொள்.

ரெக்சன்


நாசரேத்
17 நவம்பர் 2024

ஈவா அப்பாவுக்கு,

இத்தனை நாள் பதில் எழுதாததற்குக் காரணம், எழுத உட்கார்ந்தால் திட்டத்தான் வந்தது. எட்டாம் தேதி ஈவா புதுச்சட்டையை மடித்து அலமாரியில் வைத்துவிட்டு என்னோடு பேசாமல் இருந்தாள். கை தூக்கியது நீங்கள், பேச்சு நின்றது எனக்கு.

உங்கள் அம்மா தெருவில் நின்ற கதையைக் கேட்கும்போதெல்லாம் நான் அழுதிருக்கிறேன். ஊரில் யார் தெருவில் நின்றாலும் உங்கள் கண்ணுக்குப் படுகிறது. நானும் ஈவாவும் நின்றது மட்டும் படவே இல்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

இங்கே காசிலிங்கம் அண்ணாச்சி என்று ஒரு புரோக்கர். சந்தைக்குப் பக்கத்துத் தெருவில் இரண்டு அறை வீடு காட்டினார். "ஒங்க வீட்டுக்காரரும் இதே தொழில்தானாமே டீச்சர்?" என்று கேட்டார். "அதனாலதான் அண்ணாச்சி ஒங்கட்ட வந்தேன்" என்றேன். அவர் எந்தக் குழுவிலும் இல்லை. வீட்டைக் காட்டினார், பட்டாவைக் காட்டினார், கமிஷனை வாங்கிக்கொண்டு போய்விட்டார். எனக்கு அது எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? போன வெள்ளிக்கிழமை பத்திரம் பதிந்தாயிற்று. என் பெயரில்தான். எந்தக் கோயிலில் எத்தனை தடவை கையைத் தூக்கினாலும் இந்த வீட்டை உங்களால் கொடுக்க முடியாது.

சிலுவையை அந்த வீட்டிலிருந்து எழுப்பிவிட வேண்டாம். கைக்குழந்தைக்காரர்கள், இருந்துவிட்டுப் போகட்டும். நான் அங்கே திரும்பி வரப்போவதில்லை.

மாதா படத்துக்கு ஒரு ஆணி அடித்தேன். ஈவா நாள்காட்டிக்கு ஒன்று அடித்தாள். வாசல் கதவுக்கு வெளியே ஒன்று அடித்து அதில் ஒரு துணிப்பை மாட்டியிருக்கிறேன். அது உங்கள் போனுக்கு. அதைப் பையில் போட்டுவிட்டு உள்ளே வருவதென்றால் வாருங்கள், சோறு இருக்கும்.

ஷெர்லின்