பெரியப்பாவின் இருமல்

என்னங்க,

நீங்க தூங்கறீங்க, எழுப்பல. லீவுல போன நர்ஸுக்குப் பதிலா என்னை டியூட்டிக்குக் கூப்பிட்டுட்டாங்க. நாலு மணிக்கு வந்துடுவேன். பாப்பாவுக்குப் பால் எடுத்து ஃப்ரிட்ஜ் மேல்தட்டுல வச்சிருக்கேன். பாட்டிலை வெந்நீர்ல வச்சு சூடு பண்ணுங்க, அடுப்புல வேண்டாம்.

பெரியப்பாகிட்ட குழந்தையைக் கொடுக்காதீங்க. இந்தக் குளிர்ல அவர் இருமல் நிக்கவே இல்ல. நேத்து அதைச் சொன்னதுக்கு, "நாலு பிள்ளை வளர்த்தவருக்கே பாடம் எடுக்கிறியா?"ன்னு அத்தை கேட்டாங்க. கூடம் நிறைஞ்ச சொந்தம் சிரிச்சுது. அதைக்கூட விடுங்க. நீங்களும் சிரிச்சீங்களே!

போன மாசம் பாப்பா மூச்சுத் திணறி மூணு நாள் ஆக்ஸிஜன்ல கிடந்தப்போ வெளியே நின்னது நாம ரெண்டு பேர்தான். ஊர்ல இருந்த இவங்களுக்கு அது தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

இன்னைக்கு யாராவது கேட்டா, "அவ திட்டுவா"ன்னு என் தலையில போடாதீங்க. "நான்தான் வேண்டாம்னேன்"னு சொல்லுங்க.

வண்டிச் சாவியை நான் எடுத்துட்டுப் போறேன்.

பி.கு: இடம் இல்ல, பொடியா எழுதறேன். அத்தை விடியறதுக்குள்ள எழுந்து எனக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்தாங்க. பாப்பா முழிச்சதும் முதல்ல அவங்க மடியிலயே விடுங்க.