ஒன்பது விநாடி

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். போனில் கூப்பிட்டால் நீ எடுப்பதில்லை. மின்னஞ்சலைத் திறக்கிறாயா என்றும் தெரியவில்லை. வந்த உறையைக் கிழித்துப் பார்க்காமல் யாராலும் இருக்க முடியாது என்ற தைரியத்தில் காகிதத்தில் எழுதுகிறேன்.

முதலில் நல்ல செய்தி. வழக்கில் ஜெயித்துவிட்டோம். உட்கார்ந்து படி.

போன வருஷம் அந்த வீடியோ கம்பெனி எங்கள் பள்ளிக்கு நோட்டீஸ் அனுப்பியபோது நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "நான்தான்க்கா தப்புப் பண்ணிட்டேன். சும்மா தூக்கிக் கொடுத்தேன், இப்ப உன் ஸ்கூல் வாசல்லயே வந்து நிக்குது. விட்டுடுக்கா, அவங்க பெரிய இடம்." அதற்குப் பிறகு, எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்த உன் மென்பொருள் இருக்கும் திசையில் நீ தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. வழக்கு நடத்த எனக்கு அதிகாரம் கொடுத்துக் கையெழுத்திட்டு அனுப்பினாயே, அதோடு ஒரு வரி எழுதி வைக்கவில்லை. பரவாயில்லை. கையெழுத்தே போதுமானதாக இருந்தது.

எனக்குத்தான் விட மனம் வரவில்லை. காது கேளாத நாற்பத்தாறு பிள்ளைகள் பாட வீடியோ பார்க்கும்போது, பேச்சை எழுத்தாக்கித் திரையின் கீழே ஓடவிடுவது நீ எழுதியது. அதை எடுத்துத் தங்கள் செயலிக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டு, நாங்கள் பயன்படுத்துவதுதான் திருட்டு என்றால் எப்படிச் சும்மா இருப்பது? நோட்டீஸ் வந்து மூன்று வாரம் வகுப்பில் கணினியை அணைத்து வைத்தோம். பலகையில் எழுதி எழுதி எனக்குத் தோள் கழன்றுவிட்டது.

வக்கீலம்மா சின்ன உருவம், பெரிய பை. கணினி பற்றித் தனக்கு ஒன்றும் தெரியாது என்று முதல் நாளே சொல்லிவிட்டார். ஆனால் நீ மென்பொருளோடு வைத்திருந்த உரிமப் பத்திரத்தை ஏழு முறை படித்தார். "இவர் சும்மா கொடுக்கலம்மா. நிபந்தனையோட கொடுத்திருக்கார். எடுத்துக்கோ, மாத்திக்கோ, ஆனா மாத்தினதையும் எல்லாருக்கும் திறந்து வை, எழுதினவர் பேரை எடுக்காதேன்னு தெளிவா இருக்கு. உங்க தம்பி விவரமானவர்" என்றார். நீ உன்னை ஏமாளி என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். சட்டம் படித்தவர் விவரமானவன் என்கிறார். நான் யாரை நம்புவது?

கோர்ட்டில் கம்பெனி வக்கீல், முதல் வரியிலிருந்து தங்கள் பொறியாளர்களே எழுதியது என்று அடித்துப் பேசினார். "இலவசமா கெடைக்கிற பொருளுக்குச் சொந்தக்காரர் எங்கேர்ந்து வந்தார்?" என்றும் கேட்டார். பின்வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள்.

வக்கீலம்மா எழுந்தார். கம்பெனியின் செயலியைப் பெரிய திரையில் போட்டு, சத்தமே இல்லாத ஒரு வீடியோவை அதில் ஓடவிட அனுமதி கேட்டார். உனக்கு இப்போதே புரிந்திருக்கும். நெடுநேரம் திரை வெறுமையாக இருந்தால் ஏதோ கெட்டுப்போய்விட்டது என்று பிள்ளைகள் பயப்படுவார்களே என்று நீ விளையாட்டாக ஒரு வரி வைத்தாயே, அதற்குத்தான். கோர்ட்டே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. மின்விசிறி மட்டும் சுற்றியது. நான் மனதுக்குள் எண்ணினேன். எட்டு. ஒன்பது. 'யாரோ யோசிக்கிறார்கள்' என்று வந்து நின்றது.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "இதையும் உங்க இன்ஜினியர்களேதான் யோசிச்சாங்களா?" என்று கேட்டார். கம்பெனி வக்கீல் காகிதங்களைப் புரட்டிக்கொண்டே இருந்தார்.

நோட்டீஸ் செல்லாது என்று தீர்ப்பாயிற்று. அவர்கள் மாற்றி எழுதிய நிரல் முழுவதையும் உன் பெயரோடு வெளியிட வேண்டும் என்றும் உத்தரவு. போன வாரம் வெளியிட்டும் விட்டார்கள். வகுப்பில் சைகையில் சொன்னேன். நாங்கள் சூறாவளி என்று கூப்பிடும் மூன்றாம் வகுப்புக்காரி மேசைமேல் ஏறி ஆடிவிட்டு, எழுதினவர் ஏன் கோர்ட்டுக்கு வரவில்லை என்று கை அசைத்துக் கேட்டாள். உனக்கு வேலை அதிகம் என்று பொய் சொன்னேன்.

இன்னொன்று. அந்தக் கம்பெனியில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி எனக்கு எழுதியிருக்கிறாள். யார் பேசுகிறார்கள் என்பதை நிறம் மாற்றிக் காட்டும் வசதியை எழுதியது அவள்தானாம். நடந்ததற்கு வெட்கப்படுகிறாள், தன் வேலை உன் மூல நிரலிலேயே சேர வேண்டும் என்று ஆசைப்படுகிறாள். ஓட்டிப் பார்த்தேன். உன்னுடையதைவிட ஒரு படி மேல் என்றுகூடச் சொல்வேன், கோபப்படாதே. சேர்க்கும் அனுமதி உன் ஒருவனிடம்தான் இருக்கிறதாம். அவள் அனுப்பியது ஒரு வாரமாக உன் மென்பொருள் இருக்கும் இணையதளத்தில் காத்துக் கிடக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு. அவள் எழுதியது பிடித்திருந்தால் சேர்த்துக்கொள். பிடிக்காவிட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடு. ஆனால் அதைச் சொல்வதற்காவது ஒரு முறை உள்ளே வந்துவிட்டுப் போ.

எப்போதும் உன் நல்லதையே நினைக்கும்,
அக்கா