செல்லுபடியாகும் கையெழுத்து

லிங்கன்ஷயர்,
2020 நவம்பர் 8

இன்னமும் என் மனைவியாக இருக்கும் நோரீனுக்கு,

போன் செய்தால் எடுக்க மாட்டாய், அதனால் எழுதுகிறேன். உன் விமானப் பொறியாளர் உரிமத்தை அயர்லாந்துக்கு, டப்ளினுக்கு மாற்றிக்கொண்டாயாமே. நாடு ஐரோப்பாவை விட்டு வெளியே வருகிறது, நீ உரிமத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடுகிறாய். நல்ல பிழைப்பு. "நம்ம முத்திரை உலகம் பூரா செல்லும்டா, அவனுங்களே வந்து நிப்பானுங்க" என்று நம் விமானப் பராமரிப்புக் கொட்டகையில் சொல்லிச் சிரித்தேன்.

விவாகரத்துச் சம்மதப் பத்திரத்தை மறுபடியும் அனுப்பியிருக்கிறாய். என் கையெழுத்து அவ்வளவு மலிவு இல்லை. டீ ஆறுகிறது, நிறுத்துகிறேன்.

டெரிக்


ஷானன்,
நவம்பர் 20

டெரிக்,

உன் சிரிப்பு கடல் தாண்டிக் கேட்டது. டிசம்பரோடு கதவைச் சாத்திவிடுவார்கள். அதற்குமுன் என்றால் ஒரு விண்ணப்பம் போதும். அப்புறம் என்றால் எல்லாப் பரீட்சையும் முதலிலிருந்து. உனக்கும் ஒரு விண்ணப்பம் அனுப்பினேன். அதன்மேல் பன்றிக்கறி சாண்ட்விச்சை வைத்துத் தின்றாய் என்று கொட்டகையில் உன்னோடு வேலை செய்யும் கோலின் சொன்னான். வீராப்புக்கு மட்டும் குறைச்சல் இல்லை.

பத்திரத்தில் கையெழுத்துப் போடு.

நோரீன்


லிங்கன்ஷயர்,
2021 மார்ச் 14

அன்புள்ள நோரீனுக்கு,

நலமா? நம் டச்சுக்காரர் பாஸ்தியான் விமானத்துக்கு வருடாந்தரப் பராமரிப்பை முடித்துவிட்டேன். ஆனால் பறக்க விடுவதற்கு என் கையெழுத்து போதாதாம். "உங்க லைசென்ஸ் எங்க நாட்டுப் பதிவு விமானத்துக்கு இனிச் செல்லாதாமே, மன்னிச்சுக்குங்க" என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். அவரைப்போன்றவர்களின் விமானங்கள் போய்விட்டால் கொட்டகையை இழுத்து மூட வேண்டியதுதான். நீ அங்கிருந்தே கையெழுத்துப் போட்டுத் தபாலில் அனுப்பு. என் வேலை உனக்குத் தெரியும்.

உன் டெரிக்


ஷானன்,
மார்ச் 22

டெரிக்,

பார்க்காமல் கையெழுத்தா? நீயா கேட்கிறாய்? கல்யாணமான புதிதில் நான் ஒரு சுக்கான் கம்பியை மாட்டிவிட்டுச் சரிபார்க்க உன்னைக் கூப்பிட்டேன். "பொண்டாட்டியா இருந்தா என்ன, கண்ணால பாக்காம நான் போட மாட்டேன்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டு, தரையில் படுத்துப் பார்த்தாய். உன்னிடம் உருப்படியாக இருந்த குணம் அது ஒன்றுதான். அதையும் விற்கிறாயா? வெட்கமாக இருக்கிறது.

நான் வருகிறேன், என் டார்ச்சோடு. நீ உதவியாளாக நின்று ஏணியைப் பிடி. சம்மதமா?

நோரீன்


லிங்கன்ஷயர்,
ஜூன் 30

நோரீன்,

ஏணி பிடிக்க மனசு வரவில்லை, பதிலும் போடவில்லை. பாஸ்தியான் நேற்று இறக்கைகளைக் கழற்றி விமானத்தை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார். மற்றவையும் போகின்றன. கொட்டகைப் பயல்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

டப்ளினில் பரீட்சை எழுதப் போகிறேன், இந்த வயதில். என் அனுபவத்துக்கு அங்கே உரிமம் உள்ள ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். உன்னைத் தவிர எனக்கு யாரையும் தெரியாது. சிரிக்காதே.

டெரிக்


ஷானன்,
ஜூலை 9

டெரிக்,

சிரித்தேன். வயிறு வலிக்கச் சிரித்தேன்.

சாட்சிப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இதற்கு நேரில் வந்து பார்க்க வேண்டியதில்லை, இருபது வருடம் பக்கத்திலேயே நின்று பார்த்தாகிவிட்டது. உன்னைப்போலச் சுத்தமாக வேலை செய்கிறவனை நான் இங்கே பார்க்கவில்லை. உன்னைப்போல ஒரு புருஷனையும் பார்க்கவில்லை, இனிப் பார்க்கவும் வேண்டாம்.

உறையில் இன்னொரு பத்திரமும் இருக்கிறது, உனக்குத் தெரிந்ததுதான். வக்கீலிடம் கேட்டுவிட்டேன். அதில் மட்டும் உன் கையெழுத்து இரண்டு நாட்டிலும் செல்லுமாம். போட்டு அனுப்பு.

நோரீன்