மேய்ச்சலா, தரிசா

மார்ச் 3, செவ்வாய்

முதல் அழைப்பே மண்டை உடைந்த கேஸ். ஊரைத் தாண்டிக் கிடக்கும் பெரிய சமதரையில், வேலிக்கம்பி ஏற்றி வந்த லாரியை மறித்தாராம் ஆடு மேய்க்கிறவர் ஒருவர். அந்தத் தரையை வளைத்து வேலி போடும் கம்பெனியின் காவலாளிகள் அடித்துப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். ஆம்புலன்ஸில் ஏற்றும்போது காது வழியாக ரத்தம். என் வண்டியில் வரும் உதவியாளன் பஞ்சு (எந்தக் காயத்திலும் பஞ்சை அமுக்கிவிட்டுத்தான் வாயைத் திறப்பான், அதனால் அந்தப் பெயர்) எவ்வளவு அழுத்தியும் நிற்கவில்லை.

வயர்லெஸ்ஸில் கன்ட்ரோல் ரூம் அக்கா எந்த இடம் என்று கேட்டாள். வெளி என்றேன். "எந்த வெளி? ஆகாசவெளியா?" என்றாள். பற்றிக்கொண்டு வந்தது. ஒரே தரைக்குத்தான் எத்தனை பெயர்! பந்து விளையாடுகிறவனுக்கு மைதானம். மேடை போட்டுக் கத்துகிறவனுக்குத் திடல். கடைத்தெருக்காரர்களுக்குப் பொட்டல். என் மகளின் பாடப் புத்தகத்தில் சமவெளி. இருட்டில் தனியாக நடக்கிறவனுக்கு வெட்டவெளி. கம்பெனிக்காரன் தரிசு என்கிறான். என் மச்சினனும் அவனோடு ஆடு மேய்க்கிறவர்களும் மேய்ச்சல் என்கிறார்கள். நான் எதைச் சொல்ல?

மார்ச் 9, திங்கள்

மச்சினன் வந்திருந்தான். நெற்றியில் தையல். என் மனைவி தன் தம்பிக்குத் தட்டு வைத்தபடியே திட்டினாள்.

"ஒரு வார்த்தைக்காகவாடா அடிச்சிக்கிறீங்க?" என்றேன்.

"வார்த்தைக்காக இல்ல மாமா. தரிசுன்னு சொன்னா ஒண்ணுக்கும் ஆகாத மண்ணுன்னு ஆயிடுது. ஒண்ணுக்கும் ஆகாததை எவன் வேணா எடுத்துக்கலாம்ல? அதை முதல்ல சொல்லிட்டுத்தான் அடிக்கவே ஆரம்பிக்கிறான்."

"நீ முன்னாடி போய் நிக்காத" என்றாள் இவள்.

"பின்னாடி நின்னா ஆடுகூட மதிக்காதுக்கா."

சிரித்தோம். அவன் போன பிறகு இவள் வெகுநேரம் வாசலிலேயே நின்றாள். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது.

மார்ச் 14, சனி

இப்போது வெளியைக் கடக்கும் சாலையின் இரண்டு முனையிலும் தடுப்பு. ஊர்ப் பக்கம் கம்பெனி ஆட்கள், நீலத் தொப்பி. அந்தப் பக்கம் மேய்ச்சல்காரப் பையன்கள். ஒரே கேள்விதான்: "இது என்ன இடம்?" பிடித்த பதில் வரவில்லை என்றால் தடி பேசும். பால்காரர் வம்பே வேண்டாம் என்று இரண்டு இடத்திலும் பொட்டல் என்றிருக்கிறார். இரண்டு இடத்திலும் அடி. நடுவில் நின்றதற்கு இரட்டைக் கூலி. கை எலும்பு வெளியே தெரிந்தது.

நான் அங்கே மேய்ச்சல் என்கிறேன், இங்கே தரிசு என்கிறேன்.

"வெக்கமா இல்லையாண்ணே?" என்றான் பஞ்சு.

"எனக்கு வெக்கம் வந்தா பின்னாடி கிடக்கிறவனுக்கு உசிரு போயிடும்டா. நீ பஞ்சை அமுக்கு."

மார்ச் 15, ஞாயிறு

இன்று ஒரு பெண்ணுக்குக் கண் போய்விட்டது. எழுதப் பிடிக்கவில்லை.

மார்ச் 19, வியாழன்

மச்சினன் இல்லை.

எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் தலை வெடித்துவிடும் — வேலி போடும் இடத்தில் அவன் வயிற்றில் கம்பியால் குத்தியிருந்தார்கள். நான்தான் தூக்கினேன். நினைவு இருந்தது. "மெதுவா போ மாமா, குலுங்குது" என்றான். நான் மெதுவாகப் போவேனா? பறந்தேன். மருத்துவமனை ஊருக்குள். ஊர்ப் பக்கத் தடுப்பைத் தாண்டியாக வேண்டும்.

தூரத்தில் புகை. டயர் கொளுத்துகிறார்கள் என்று நினைத்தேன். மத்தியானமே மேய்ச்சல்காரப் பையன்கள் அந்தத் தடுப்பைப் பிடித்து, காவலாளிகளை உதைத்து விரட்டி, கொட்டகைக்குத் தீ வைத்துவிட்டார்கள் என்று எனக்கு யார் சொன்னது? கழற்றிப் போட்டுவிட்டு ஓடினவர்களின் தொப்பியை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டு ஆடியிருக்கிறார்கள், பாவிகள். புதுப் பையன்கள், என் முகம் தெரியாது. நான் தொப்பியைத்தான் பார்த்தேன். கேட்பதற்கு முன்பே வாய் சொல்லிவிட்டது: "தரிசு."

கண்ணாடி உடைந்தது. தலைமுடியைப் பிடித்து இழுத்துப் போட்டார்கள். தோளில், விலாவில், வாயில். "உள்ள இருக்கிறது உங்க ஆளுடா, உங்க ஆளுடா!" என்று பஞ்சு பின்னாலிருந்து தொண்டை கிழியக் கத்தினான். எவன் காதில் விழுந்தது? வண்டியைக் கவிழ்க்கப் பார்த்தார்கள். மச்சினன் அதற்குள்ளே கிடந்து ஆடினான். எவனோ கதவைத் திறந்தான். பார்த்தான். தடியைப் போட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

வீங்கி மூடாத ஒற்றைக் கண்ணால் ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்த்தேன். டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

மார்ச் 20, வெள்ளி

அடக்கம் முடிந்தது. இவளிடம் தொப்பி, அந்தச் சொல், எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அழவில்லை, திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மார்ச் 27, வெள்ளி

பையன்களின் தலைவன் வீட்டுக்கு வந்தான். வழியில் நிறுத்தியதை விசாரணையில் சொல்ல வேண்டாமாம். "குத்தினது அவங்கதானேண்ணே?"

"நிறுத்தினது நீங்கடா!"

எனக்கு எங்கிருந்து அந்த வெறி வந்ததோ. ஒரு கைதான் தூக்க முடிகிறது, அந்த ஒரு கையாலேயே கழுத்தைப் பிடித்துச் சுவரில் மோதினேன். மறுபடி மோதினேன். மூக்கு உடைந்து சட்டையெல்லாம் ரத்தம். அவன் கை ஓங்கவே இல்லை, அதுதான் இன்னும் ஆத்திரமாக இருந்தது. இவள்தான் வந்து விலக்கினாள்.

"ஒரு பொணம் போதும். விடுங்க."

ஒரு வாரத்தில் அவள் என்னிடம் பேசியது அவ்வளவுதான்.

ஏப்ரல் 4, சனி

விசாரணையில் இரண்டு தரப்பையும் சொன்னேன். நான் சொன்ன சொல்லையும் சொன்னேன். இரண்டு தரப்பும் வெளியே காறித் துப்பியது.

ஏப்ரல் 12, ஞாயிறு

"அந்த இடத்தை எனக்குக் காட்டுங்க" என்றாள், காலையில். பைக்கில் பின்னால் ஏறிக்கொண்டாள்.

தடுப்பு இன்னும் பையன்கள் கையில்தான். தொப்பியை மட்டும் எவனும் போடவில்லை. தடுப்புக் கம்பத்தின் கயிற்றைப் பிடித்திருந்தவனுக்கு மீசைகூட முளைக்கவில்லை. என்னைப் பார்த்தும் கேட்டான், பழக்கம்.

"இது என்ன இடம்? சொல்லிட்டுப் போங்க."

மேய்ச்சல் என்று சொன்னால் தீர்ந்தது. நாக்கு அசைய வேண்டுமே.

"என் தம்பி செத்த இடம்" என்றாள் அவள், என் தோளுக்கு மேலே. "அதுக்கு நீங்க என்ன பேரு வச்சிருக்கீங்க?"

அவன் கை கயிற்றை விட்டுவிட்டது. கம்பம் தானாக மேலே போனது. நான் வண்டியை எடுத்தேன்.

இரண்டு பக்கமும் வெயில், கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு மறைப்பும் இல்லை. பாதி தூரம் போன பிறகு அவள் நெற்றி என் முதுகில் பட்டது. சட்டை நனைந்தது. அவள் அழுது முடிக்கிற வரைக்கும் ஓட்டிக்கொண்டே இருந்தேன்.