பதினெட்டு அங்குலப் பெருமை

ஜூன் 3, திங்கள்

வண்டிக்குப் புதுச் சக்கரம் போட்டாயிற்று. பழைய பதினைந்து அங்குல இரும்புச் சக்கரம் போய், பதினெட்டு அங்குல அலாய் வீல். வெள்ளிபோல மின்னுகிறது. அதைச் சுற்றி டயர் என்ற பெயரில் ஒரு கறுப்பு நாடா, அவ்வளவுதான். "சக்கரம் பெருசானா டயர் ஒல்லியாத்தான் வரும் மேடம். கொஞ்சம் குலுங்கும், பரவால்லயா?" என்று கடைக்காரர் கேட்டார். பரவாயில்லை என்றேன். காது எங்கே கேட்டது? கண் சக்கரத்தில்.

பிரிவுத் தலைவியாகிவிட்டேன். எனக்கு நானே கொடுத்துக்கொண்ட பரிசு. இருக்கட்டுமே!

ஜூன் 4, செவ்வாய்

வழக்கம்போல மூவரையும் ஏற்றிக்கொண்டு அலுவலகம் போனேன். காசாளர், கணக்கர், வரவேற்பறைப் பெண் – மூவருக்கும் பின் இருக்கை. முன் இருக்கை என் கைப்பைக்கும் கோப்புகளுக்கும்.

"சினிமாக்காரங்க வண்டி மாதிரி இருக்கும்மா!" என்று காசாளர் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். அதற்கப்புறம் வழி முழுக்க ஒருவரும் பேசவில்லை. பிரமித்துவிட்டார்கள் போல.

வரவேற்பறைப் பெண் வண்டியில்தான் மை தீட்டிக்கொள்வாள். இன்று கோடு கண்ணில் புறப்பட்டுக் காதருகே போய் நின்றது. "புது ஸ்டைலா?" என்றேன். "ஆமாங்க்கா" என்றாள்.

ஜூன் 11, செவ்வாய்

காசாளர் இனி நடந்தே வருவாராம். டாக்டர் சொல்லிவிட்டாராம். அவ்வளவு தூரமா? "டாக்டர் ரொம்பக் கண்டிப்பும்மா."

ஜூன் 13, வியாழன்

கணக்கரும் கழன்றுகொண்டார். மைத்துனர் ஸ்கூட்டரில் கொண்டுவந்து விடுவாராம். இத்தனை வருஷமாக இல்லாத மைத்துனர் எங்கிருந்து முளைத்தார்?

ஜூன் 14, வெள்ளி

அவளும். "பஸ்ல போனா நாலு மனுஷங்கள பாத்த மாதிரி இருக்குங்க்கா."

அப்போ நான்? நான் மனுஷி இல்லையா?

ஜூன் 18, செவ்வாய்

பேருந்து நிறுத்தத்தில் மூன்று பேரையும் ஒன்றாகப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்கள். நடந்து வருகிற காசாளரும்தான்! என் வண்டியைக் கண்டதும் செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். அதைத் தலைகீழாகப் பிடித்திருந்தார்.

பதவி வந்ததில் பொறாமையா? ஓயாமல் பேசுகிறேனா? வாய் நாற்றமா? ஏலக்காய் மென்று பார்த்தேன். காலி வண்டியில் யாருக்காக மென்றேன் – அதுவும் தெரியவில்லை. என்னதான் பண்ணிட்டேன் இவங்கள? மூஞ்சிக்கு நேரா சொல்லித் தொலைச்சா என்ன?

ஜூன் 22, சனி

கண் டாக்டர் சொட்டு மருந்து விட்டதில் வெளிச்சம் தாங்கவில்லை. வீட்டுக்காரர் வண்டி ஓட்ட, நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு பின் இருக்கையில் படுத்துவிட்டேன். என் வண்டியின் பின்பக்கத்துக்கு நான் போனதே இல்லை.

முதல் பள்ளத்தில் பல் கடித்துக்கொண்டது. அடுத்ததில் நான் எழவில்லை, வண்டியே தூக்கி உட்கார வைத்தது. சாலையில் கிடக்கும் தீக்குச்சிகூட இடுப்பெலும்புக்குத் தெரிந்தது.

"மெதுவா போங்களேன்!"

"இதுக்கு மேல மெதுவான்னா எறங்கித் தள்ளணும்."

ஓட்டுகிற இடத்தில் இவ்வளவு தெரியவில்லையே? அங்கே முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறோம். பின் இருக்கையோ சக்கரத்தின் தலைமேலேயே இருக்கிறது.

வீட்டு வாசலில் அவர் டயரின் பக்கவாட்டில் விரலை வைத்துக் காட்டினார். "முன்ன இந்த எடத்துல உள்ளங்கை அகலத்துக்கு ரப்பரும் காத்தும் இருந்துச்சு. பள்ளம் வந்தா அது வாங்கிக்கும். இப்ப ரெண்டு விரல்தான். மிச்சத்த யார் வாங்கறது?"

யார் வாங்கினார்கள் என்று எனக்குத் தெரியும்.

ஜூன் 24, திங்கள்

நேற்றே பழைய சக்கரத்தைப் போட்டாயிற்று. வண்டி பழைய செருப்பு மாட்டிக்கொண்டதுபோல் இருக்கிறது. போகட்டும். காலையில் நேராகப் பேருந்து நிறுத்தத்துக்குப் போனேன்.

"சக்கரத்த மாத்திட்டேன். ஏறுங்க."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். காசாளர்தான் குனிந்து டயரை அமுக்கிப் பார்த்தார். "அந்தச் சக்கரத்த நீங்க முந்தானையால தொடச்சத பாத்தேம்மா. அப்புறம் எப்படிச் சொல்ல வாய் வரும்?"

"சொல்லியிருக்கலாம். நான் என்னென்னமோ நெனச்சு அழுதேன்."

கணக்கர் தலையைச் சொறிந்தார். "மேடம், என் மைத்துனருக்கு ஸ்கூட்டரே ஓட்டத் தெரியாது."

கைப்பையையும் கோப்புகளையும் பின்னால் டிக்கியில் போட்டேன். காசாளர் முன்னால் உட்கார்ந்தார்.

ஜூன் 28, வெள்ளி

லேசான தூறல். பிரிவில் நடந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டே ஓட்டினேன். "ம்" என்ற சத்தம்கூட வரவில்லை. திரும்பிப் பார்த்தால் மூவரும் தூக்கம். காசாளருக்கு வாய் திறந்திருக்கிறது. அந்தப் பெண்ணின் தலை கணக்கரின் குடைமேல் சாய்ந்திருக்கிறது. அலுவலக வாசல் வந்துவிட்டது.

எழுப்ப மனம் வரவில்லை. பள்ளங்களை ஒதுக்கி, கட்டடத்தை மெல்ல இன்னொரு சுற்றுச் சுற்றினேன்.