நலத்தில் நூற்றுக்கு நூறு

துடியலூர்,
புதன்கிழமை.

அன்பு மகள் பிரியாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான், அப்பா, தேஜு மூவரும் நலம் என்று தொடங்கத்தான் பேனாவைத் திறந்தேன். ஆனால் அந்தச் சொல்லோடு எனக்கு ஒரு மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அதனால் பிரித்தே எழுதிவிடுகிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி, பட்டறையில் லேத் முன்னால் நின்றால் கூடுகிறது, தைலம் போட்டால் தீரும் என்கிறார், தைலக் கம்பெனிதான் நன்றாக இருக்கிறது. எனக்கு ஒன்றுமில்லை. உன் தங்கச்சிக்கு ரத்தத்தில் ஹீமோகுளோபின் ஏழு புள்ளி ஆறு. பன்னிரண்டாவது இருக்க வேண்டுமாம். பதறாதே, மருந்து ஆரம்பித்துப் பத்து நாள் ஆகிறது. போனில் சொல்ல நினைத்தால் அவள் பக்கத்திலேயே நிற்கிறாள், அவள் இல்லாத நேரம் நீ லேபில் இருக்கிறாய். அதோடு இதில் என்னைப் பற்றி ஒரு விஷயம் இருக்கிறது, அதை வாயால் சொல்ல எனக்கு வராது. அதனால் எழுதி, பார்சலில் கொள்ளுப்பொடி டப்பாவுக்கு அடியில் வைக்கிறேன்.

போன மாதம் தேஜு பள்ளியில் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் ஒரு படிவம் கொடுத்தார்கள். தலைப்பு 'நலமான மாணவர், நலமான நாளை'. எத்தனை மணி நேரம் தூங்குகிறாய், காலையில் என்ன சாப்பிடுகிறாய், மனசு சரியில்லை என்றால் யாரிடம் சொல்வாய், என்னவாக விரும்புகிறாய் என்று பதினெட்டுக் கேள்வி. கேள்விகள் நல்ல கேள்விகள்தான், பழுது சொல்ல மாட்டேன். மாணவர்தான் நிரப்ப வேண்டும் என்று அச்சிலும் போட்டிருந்தது. ஆனால் அன்று மாலையே பெற்றோர் குழுவில் வகுப்பாசிரியை வாட்ஸப் அனுப்பிவிட்டார். காலிக் கட்டம் கூடாது, அடித்தல் திருத்தல் கூடாது, எதிர்மறைப் பதில் கூடாது, பெற்றோர் சரிபார்த்து மையில் எழுதி அனுப்பவும். எங்களுக்குச் சந்தேகம் வந்துவிடக் கூடாது என்று வர்ஷினி என்ற பெண்ணின் படிவத்தை மாதிரியாகப் படம் எடுத்தும் போட்டிருந்தார். வர்ஷினி எட்டு மணி நேரம் தூங்குகிறாள். தினமும் கீரை, பேரீச்சம்பழம், முளைகட்டிய பயறு சாப்பிடுகிறாள். கவலை ஏதும் இல்லை, இருந்தால் அம்மாவிடம் சொல்வாள். டாக்டர் ஆவாள். இப்படி ஒரு பிள்ளை கோயம்புத்தூரில் எந்த வீட்டில் இருக்கிறது என்று தெரிந்தால் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

அடுத்த திங்கட்கிழமைக்குள் இருநூற்றுப் பன்னிரண்டு வீட்டிலும் வர்ஷினி பிறந்துவிட்டாள். உன்னோடு படித்த முஜீபின் அம்மா உம்மல் குல்சும் இருக்கிறாள் அல்லவா, அவள் பெண் ஹிபாவும் தேஜு வகுப்புதான், அவள் எனக்குப் போன் போட்டு, "ஏங்க கவிதா, எட்டு மணி நேரம் தூங்குறாள்னு எழுதச் சொல்றாங்களே, ஸ்கூல் பஸ்ஸுல தலையாட்டிக்கிட்டே வர்றதையும் அதுல சேத்திக்கலாமுங்களா?" என்று கேட்டாள். அவள் பிடிவாதமாக ஐந்து மணி நேரம் என்றே எழுதி அனுப்பினாள். இரண்டு தடவை திருப்பி அனுப்பினார்கள், மூன்றாம் தடவை வகுப்பாசிரியையே எட்டு என்று போட்டுக்கொண்டார். இதைவிட ஒன்று கேள். பிரவின்குமார் என்று ஒரு பையன், அவனுடைய அப்பாவுக்கு வார்ப்புப் பட்டறை, மனுஷருக்கு நேரமில்லை, மாதிரிப் படிவத்தை எழுத்துக்கு எழுத்து அப்படியே பார்த்து எழுதிவிட்டார். அதில் பன்னிரண்டாம் கேள்வி பெண் பிள்ளைகளுக்கு மட்டும். ஆக, பிரவின்குமாருக்கு மாதவிலக்கு ஒழுங்காக வருகிறது என்று பள்ளிக்கூடத்துக் கோப்பில் இருக்கிறது. அதையும் வாங்கி, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, நலமான மாணவர் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள். அடுத்த வாரம் பள்ளி வாசலில் ஒரு பெரிய ஃபிளக்ஸ், 'நலத்தில் நூற்றுக்கு நூறு' என்று. அதன் அடியில்தான் பிள்ளைகள் காலையில் ஐந்தரை மணிக் கோச்சிங்குக்கு இறங்கி, கண்ணைக் கசக்கிக்கொண்டு உள்ளே போகின்றன.

இவ்வளவு நக்கல் அடிக்கிறாளே, இவள் என்ன எழுதினாள் என்று நீ கேட்பாய். கேட்க வேண்டியதுதான். உனக்குத் தெரியும், நம் சாதி சனத்தில் முதலில் டிகிரி முடித்தவள் நான். கல்யாணமாகி, உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டு போய்க் கடைசிப் பரீட்சை எழுதினேன். அந்தப் படிப்பு எனக்கு வேலை வாங்கித் தரவில்லை, ஊரார் படிவம் எல்லாவற்றையும் கொண்டுவந்து தந்தது. ரேஷன் கார்டா, பட்டா மாறுதலா, சாதிச் சான்றிதழா, "கவிதாமணி எழுதுனாத் திரும்பி வராது" என்று சத்தியமங்கலத்திலிருந்துகூட பஸ் ஏறி வருவார்கள். நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூசுகிறவளுக்கு அது ஒரு பெருமை. இருபது வருடத்தில் நான் கற்றது ஒன்றுதான். படிவம் கேட்பவர்களுக்கு நம் விவரம் வேண்டியதில்லை, அவர்கள் எதிர்பார்க்கிற விவரம் வேண்டும். அதைத் தெரிந்து எழுதினால் திரும்பி வராது.

தேஜு சனிக்கிழமையே தன் படிவத்தைப் பென்சிலில் நிரப்பி, சாப்பாட்டு மேசை மேல் என் கண்ணாடிக் கூட்டுக்கு அடியில் வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை நான் ரப்பரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தூக்கம் என்ற இடத்தில் நாலரை மணி என்று இருந்தது, அழித்து எட்டு என்று போட்டேன். காலை உணவு, 'பஸ்ஸில் பாதி இட்லி, மீதி ஹிபாவுக்கு' என்று இருந்தது, அழித்துக் கீரையைப் போட்டேன், விடிகாலை ஐந்து மணிக்கு எந்த வீட்டில் கீரை என்று யோசிக்கக்கூட இல்லை. தலைசுற்றல் உண்டா, 'மாடிப்படி ஏறினால்'. அழித்து, இல்லை. பன்னிரண்டாம் கேள்வியில் 'எட்டு நாள் போகிறது, நிறைய' என்று எழுதியிருந்தாள், இதை ஆண் வாத்தியார்கள் படிப்பார்களே என்று எனக்கே கூச்சமாகி, அவசரமாக அழித்தேன். என்னவாக விரும்புகிறாய், 'இன்னும் தெரியாது'. அதையும் அழித்து டாக்டர் ஆக்கினேன். ஒவ்வொன்றையும் படித்துவிட்டுத்தான் அழித்தேன், கண்ணு. படிக்காமல் அழித்தேன் என்றால் இந்தக் கடிதத்தை எழுத வேண்டியதே இல்லை. நம் பிள்ளை சொல்கிறாள் என்று படிக்கவில்லை, இந்தப் பதில் நிற்குமா, திரும்பி வருமா என்று படித்தேன்.

என் படிவத்துக்கு முதல் பரிசு, கேட்டுக்கொள். 'சிறந்த முறையில் நிரப்பப்பட்ட படிவம்' என்று அறிவிப்புப் பலகையில் குத்திவைத்தார்கள். அப்பா அதைப் படம் எடுத்து பவானி மாமா வரைக்கும் அனுப்பினார். தேஜு தன் பெயருக்குக் கீழே என் கையெழுத்தில் இருந்த அந்தப் புளுகைத் தாண்டித்தான் மூன்று வாரம் வகுப்புக்குப் போய் வந்தாள், அதுவும் இரண்டாவது மாடிக்கு.

அப்புறம் பள்ளியிலேயே ரத்தப் பரிசோதனை முகாம் வைத்தார்கள், ஃபிளக்ஸுக்குப் பொருத்தமாக ஒரு போட்டோ வேண்டும் என்று நினைக்கிறேன். ஊசிக்கு வர்ஷினியின் மாதிரிப் படிவம் தெரியாது, ஏழு புள்ளி ஆறு என்று சொல்லிவிட்டது. என்னையும் அப்பாவையும் கூப்பிட்டு பிரின்சிபால் கவலையாகத்தான் பேசினார், ஆனால் கவலை பிள்ளை மேல் இல்லை. "மேடம், ஃபார்ம்ல நீங்களே தெளிவா எழுதியிருக்கீங்களே, டெய்லி கீரை, பேரீச்சம்பழம், ஃபர்ஸ்ட் பிரைஸ் வேற. கேம்ப் மெஷின்ல ஏதோ மிஸ்டேக் போலிருக்குங்க. இன்னொருக்கா எடுத்துப் பாத்துக்கலாமுங்க" என்றார். அப்பாதான், உனக்குத் தெரியுமே அவருடைய குரல், பட்டறைச் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகியது, "ஏனுங்க சார், மோட்டார் போட்டுத் தண்ணி வரலீன்னா, மீட்டரைக் கழட்டி மாத்துவீங்களா, கெணத்துல தண்ணி கெடக்குதான்னு எட்டிப் பாப்பீங்களா?" என்று கேட்டார். வெளியில் நின்ற பியூன் சிரித்துவிட்டார். பிரின்சிபால் சிரிக்கவில்லை. அந்தப் படிவம் தப்புங்க, திருப்பிக் கொடுங்க, சரியாக எழுதித் தருகிறோம் என்று நான் மெதுவாகச் சொன்னேன். ஒன்றை எடுத்தால் நூறு சதவீதம் தொண்ணூற்றொன்பதே சொச்சம் ஆகிவிடும், ஃபிளக்ஸ் அடித்தாயிற்று என்றார். வெளியே வந்து பலகை முன்னால் நின்று, நாலு குண்டூசியையும் பிடுங்கி, படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நடந்துவிட்டேன். குண்டூசிகளை மட்டும் திரும்பக் குத்திவைத்தேன், அவை பள்ளிச் சொத்து. என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே ரௌடித்தனம் இதுதான்.

வீட்டுக்கு வந்ததும், ஏன் அம்மணி இத்தனை நாள் சொல்லலை, அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா என்று அவளிடம் சத்தம் போட்டேன். அவள் ஷூவைக் கழற்றிக்கொண்டே, "எழுதித்தானேம்மா வெச்சிருந்தேன், உங்க கண்ணாடிக் கூட்டுக்கு அடியில" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சோப்புத் தீர்ந்துபோச்சு என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

டாக்டரம்மா இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருக்கிறார், மாதவிலக்குக்கும் ஸ்கேன் பார்த்து மருந்து கொடுத்திருக்கிறார், பெரிய கோளாறு இல்லையாம், ஆனால் இன்னும் ஆறு மாதம் விட்டிருந்தால் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்திருப்பேன் என்று என்னைத்தான் பார்த்துச் சொன்னார். காலைக் கோச்சிங்கை நிறுத்திவிட்டோம். டாக்டர் சீட்டு போயிருமே என்று பெற்றோர் குழுவில் எனக்கு ஆறுதல் சொல்கிறார்கள், யாரோ செத்துப்போன மாதிரி. தேஜு இப்போது ஆறரை வரைக்கும் தூங்குகிறாள். முழு இட்லி சாப்பிடுகிறாள். என்னவாகப் போகிறாள் என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, அது அப்படியே இருக்கட்டும்.

நீயும் தினமும் "சாப்ட்டேம்மா, நல்லா இருக்கேம்மா" என்று சொல்கிறாய். நானும் சந்தோஷமாகப் போனை வைத்துவிடுகிறேன். நீ இருக்கிற கவுகாத்தி வரைக்கும் வர்ஷினி வந்துவிட்டாளோ என்று இப்போதெல்லாம் சந்தேகமாக இருக்கிறது. இனிமேல் நல்லா இல்லை என்றால் இல்லை என்றே சொல், நான் திருத்தி எழுத மாட்டேன். லேபில் பட்டினி கிடக்காதே, மோமோவை மூன்று வேளையும் தின்னாதே, கொள்ளுப்பொடிக்கு நெய் விட்டுக்கொள்.

ஒன்றை மட்டும் மேலே எழுதாமல் விட்டேன். பதினாறாம் கேள்வி, மனசு சரியில்லை என்றால் யாரிடம் சொல்வாய். தேஜு அதில் 'அக்கா' என்று எழுதியிருந்தாள். அதைத்தான் கடைசியாக அழித்தேன். மற்றவற்றை எல்லாம் பள்ளிக்கூடத்துக்காக அழித்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம், இதை எனக்காகத்தான் அழித்தேன். 'அம்மா' என்று எழுதி, எழுத்து அழகாக வந்திருக்கிறதா என்றும் பார்த்தேன். நீ கவுகாத்திக்குப் போய் ஒரு வருடம் ஆகிறது, தினமும் என்னிடம்தான் பேசுகிறாய், ஒரு நிமிடம் தேஜுவிடம் கொடுத்தால் நான் பக்கத்திலேயே நின்று ஸ்பீக்கரில் போடு என்கிறேன். அவள் உன்னிடம் என்னத்தைச் சொல்வாள்?

ஞாபகமாக ஒன்று செய். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு நான் மிளகாய் அரைக்க மில்லுக்குப் போகிறேன், கூட்டம் இருக்கும், வர ஆறு ஆகிவிடும், இல்லாவிட்டாலும் ஆக்கிக்கொள்கிறேன். அப்பா பட்டறையில் இருப்பார். அந்த நேரத்தில் அவளைக் கூப்பிடு. என்ன பேசினாள் என்று நான் கேட்டாலும் சொல்லாதே.

உடம்பும் மனசும் தெம்பாக இருக்க மருதமலையான் துணையிருப்பான். அப்பாவும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார், தைலத்துக் கையோடு.

இப்படிக்கு,
உன் அம்மா
கவிதாமணி