மாடியில் கட்டிய ஏரியல்

குத்துக்கல்வலசை

அத்தானுக்கு வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? நானும் டியூஷன் பிள்ளைகளும் நலம்.

கம்ப்யூட்டரில் செருகிக் கேட்கும் ரேடியோவுக்காக, உதிரிப் பாகங்களாக வந்த கன்வெர்ட்டர் கிட்டை நானே சால்டர் வைத்து முடித்துவிட்டேன். சன்னலுக்கு எட்டாத பிள்ளையைத் தூக்கிப் பிடிப்பது மாதிரி, ரேடியோவுக்கு எட்டாத சிற்றலையை அது உயர்ந்த அதிர்வெண்ணுக்குத் தூக்கிக் கொடுக்கிறது.

வீட்டுக்காரர் சுடலையாண்டி அண்ணாச்சிக்குத்தான் மாடியில் நான் கட்டிய ஏரியல் பிடிக்கவில்லை.

“உங்க கம்பியாலதான் எங்க டிவியில படம் கட்டம் கட்டமா உடையுது டீச்சர்.”

“இது காது மாதிரி அண்ணாச்சி. கேக்கும், பேசாது.”

“காதுக்கு எதுக்கு நாப்பது அடி கம்பி? ரிட்டயரானா சும்மா இருக்க முடியாதா?” என்று சொல்லிக் கம்பியை வெட்டி எறிந்துவிட்டார்.

கம்பி இல்லாமலே மறுநாளும் படம் உடைந்தது. அதைப் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்.

பதற வேண்டாம், இலத்தூரில் வீடு பார்த்துவிட்டேன். சாமான் ஒரு ஆட்டோவுக்குக்கூடக் காணாது. ஆனாலும் நீங்கள் வீடு மாற்றுவதற்கு ஒரு நாள் முன்னதாகவே வந்துவிடுங்கள். வகுப்புக்கு நேரமாகிவிட்டது.

இசக்கிச்செல்வி